இண்டூரில் ஒரு அடைப்புக்குறி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் பேருந்துகள் இண்டூரைத் தாண்டித்தான் போகின்றன. அருவிக்குப் போகிறவர்கள் யாரும் அங்கே இறங்குவதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கடைவீதி வந்து போகும், அவ்வளவுதான். நான் இறங்கியது ஒரு கணினி வகுப்பைப் பார்ப்பதற்காக. கைபிடித்து எழுதவைக்காமல், பிள்ளைகளே முட்டி மோதிக் கற்கும்படி பாடம் நடத்துகிற ஆசிரியை ஒருவர் அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் இருக்கிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார். தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுத வேண்டாம் என்பது அந்த ஆசிரியையின் நிபந்தனை.

காலை நேரத்து வண்டி. பிதுங்கும் கூட்டம். நம் ஊர் வழக்கப்படி, நிற்கிற பிள்ளைகளின் பைகள் உட்கார்ந்திருப்பவர்களின் மடிக்கு வந்து சேர்ந்தன. என் மடிக்கு வந்த பையின்மேல் பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு ஒன்று இருந்தது. பிளஸ் டூ கணினி அறிவியல். பையனிடம் கேட்டுவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். வலப்பக்கம் நீல மையில் நிரல், இடப்பக்கம் பென்சிலில் அதன் வெளியீடு. அச்சடித்தது போன்ற கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவுமில்லை. ஒரு நிரலைக் காட்டி, "இதுல இந்த எண்ணை மாத்திட்டா என்னப்பா வரும்?" என்று கேட்டேன். அவன் சற்று யோசித்தான். "அது வராதுங்க சார். நோட்டுல இருக்கறதுதான் பிராக்டிகலுக்கு வரும்" என்றான். பொய்யில்லை. செய்முறைத் தேர்வுக்கு இன்னின்ன நிரல்கள் என்று பட்டியல் உண்டு. நூறு மதிப்பெண்ணில் 20 அதற்குப் போகிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவன் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்தப் பையனிடம் ஒரு குறையும் இல்லை. அவன்முன் வைக்கப்பட்ட வேலையை அவன் ஒழுங்காகச் செய்திருந்தான்.

சாலையோரத்தில் புளியமரங்கள், அவற்றுக்கு அப்பால் மரவள்ளி, கேழ்வரகு. வானம் பார்த்த பூமி இது. இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய், பொங்கலுக்கு ஊர் திரும்புவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்தின் சராசரி 80.09. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். அந்தப் பேருந்தில் வந்த பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டில் பிளஸ் டூ வரை வந்த முதல் ஆளாக இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்க யாரும் இல்லாத பிள்ளைகள். தானாகக் கற்கும் பழக்கம் மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. அதனால்தான் இந்தப் பயணத்துக்குச் சென்னையையோ கோவையையோ நான் தேர்ந்தெடுக்கவில்லை.

பள்ளிக்கு இரண்டாவது பாடவேளை முடிந்து வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை டீக்கடையை ஒட்டிய இ-சேவைக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், தேர்வு விண்ணப்பம், கல்யாண பிளக்ஸ் பேனருக்கு டிசைன் என்று எல்லா வேலையும் அங்கே நடக்கிறது. கடைக்காரருக்கு இருபத்தைந்தை ஒட்டிய வயது. தமிழை அவர் தட்டச்சு செய்யும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கே கற்றார் என்று கேட்டேன். பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில்தான் என்றார். "வகுப்புல இதெல்லாம் சொல்லித்தரலைங்கண்ணா. ராத்திரி உக்காந்து நோண்டிக்கிட்டே இருப்பேன். ஏதாவது கெட்டுப்போச்சுன்னா அதைச் சரி பண்ணவே ரெண்டு நாள் ஆகும்."

2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. பல வீடுகளில் அது சினிமா பார்க்கும் பெட்டியாக நின்றுவிட்டது என்ற குறையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இந்த இளைஞரை மட்டும் அது எப்படி இவ்வளவு தூரம் கொண்டுவந்தது? பேச்சு தொடக்கப்பள்ளிக்குப் போனபோது ஒரு துப்பு கிடைத்தது. அட்டை வைத்துப் படித்த முதல் பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

செயல்வழிக் கற்றலை நினைவிருக்கிறதா? ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் ராமாவும் பத்மநாப ராவும் கிராமப்புற ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து பிறந்தது அது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் அதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007இல் மாநிலம் முழுவதும் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது. வகுப்பறைச் சுவரில் ஏணிப்படி மாட்டியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஒரு எண். குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்தச் சின்னமுள்ள அட்டையைத் தானே அலமாரியிலிருந்து எடுக்கும். சில அட்டைகளுக்கு ஆசிரியர் கூடவே உட்கார வேண்டும், சிலவற்றுக்குச் சக மாணவர் போதும், சிலவற்றைத் தனியாகச் செய்ய வேண்டும். எது எந்த வகை என்பது முன்கூட்டியே தீர்மானமாகி இருக்கும். சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகை, அதில் ஆளுக்கொரு இடம்.

அந்த முறையின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நடைமுறையில் எத்தனையோ பள்ளிகளில் அது அட்டை அடுக்கும் வேலையாகச் சுருங்கியது, பெற்றோர் நம்பவில்லை, ஆசிரியர்கள் களைத்துப் போனார்கள். எல்லாம் உண்மை. ஆனால் தனியாகக் கற்பதையும் படிப்படியாகத்தான் கொண்டுவர வேண்டும் என்பதை அது கண்டுகொண்டது. ஆசிரியர் கூட இருக்கும் படி, நண்பன் கூட இருக்கும் படி, யாரும் இல்லாத படி என்று வரிசை வைத்தது. இன்று மேல்நிலை வகுப்புக் கணினிப் பாடத்தில் நமக்கு இல்லாதது இந்த வரிசைதான். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது என்பது ஒரு முனை, நீயே கூகுளில் தேடிக்கொள் என்பது மறுமுனை. நடுவில் ஒன்றும் இல்லை.

கடைக்காரர் கணக்கு அட்டை ஒன்றைப் பற்றிச் சொன்னார். விடை தெரியாவிட்டால் டீச்சரைத் தேடிப் போகாமல், அதே சின்னத்தை முடித்த பையனைத் தேடிப் போவாராம். அப்போது பழகிய புத்திதான் மடிக்கணினியிலும் கைகொடுத்ததா? ஒருவரை வைத்து இதை நிரூபிக்க முடியாது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பள்ளியின் ஹைடெக் லேப் மாடியில். மாநிலம் முழுவதும் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்தவற்றில் ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். கணினி அறிவியல் இங்கே தனிப்பாடமாக வருவது 11ஆம் வகுப்பில்தான். அந்த ஆண்டு சி பிளஸ் பிளஸ், அடுத்த ஆண்டு பைத்தான். அதற்குமுன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி எட்டிப் பார்க்கும். பொதுத்தேர்வு அவசரத்தில் அதை ஓட்டிப் பார்த்தவர்கள் குறைவு. மாசச்சூசெட்ஸில் செய்மோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967இல் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கியபோது அவர்கள் நம்பியது, பிழையைத் தேடிக் களையும் வேலையில்தான் குழந்தை தன் சிந்தனையையே பார்க்கக் கற்கிறது என்பதை. எம்ஐடியில் 2007இல் வந்த ஸ்கிராட்ச் அந்த மரபின் பிள்ளை. அது நம் பாடநூலில் படமாகவும் வரையறையாகவும் நின்றுவிடுவதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டு பேருக்கு ஒரு கணினி. ஒருவர் கை விசைப்பலகையில், மற்றவர் வாயால் சொல்ல வேண்டும், சுட்டியைத் தொடக் கூடாது. பாதி நேரத்தில் இடம் மாற்றம். பலகையில் சாக்பீஸால் ஒரு விதி எழுதியிருந்தது: முதலில் திரை, பிறகு புத்தகம், பிறகு பக்கத்து பெஞ்சு, கடைசியாக மிஸ். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் இதே மாதிரி விதி புழக்கத்தில் உண்டு. இவர் அதைப் படித்துவிட்டு வைத்தாரா, தானாகக் கண்டாரா என்று நான் கேட்கவில்லை.

பாடம் இப்படித் தொடங்கியது. இரண்டு பாட மதிப்பெண்களை வாங்கிக் கூட்டும் நிரல் ஒன்றைத் தாளில் கொடுத்தார். யாரும் கணினியைத் தொடக் கூடாது. ஓட்டினால் என்ன வரும் என்று முதலில் நோட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் தட்டச்சு. தான் நினைத்ததும் திரையில் வந்ததும் ஒத்துப்போனதா என்று பார்த்த பிறகு, மூன்றாவது பாடத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கும் பிறகுதான் சொந்தமாக ஒன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்தபோது சூ சென்டன்ஸ் என்ற ஆய்வாளர் 2017இல் முன்வைத்த முறையும் இதே வரிசைதான்: கணி, ஓட்டு, ஆராய், மாற்று, உருவாக்கு.

நான் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாணவிகள். நிரலை ஓட்டியதும் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, தொடரமைப்புப் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னது. கணித மதிப்பெண்ணை வாங்கும் வரியின் முதல் சொல்மேல் சிவப்புப் பட்டை. விசைப்பலகை வைத்திருந்தவள் அந்த வரியை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி அதே பட்டை. எழுத்து எழுத்தாகத் தாளோடு ஒப்பிட்டார்கள். எல்லாம் சரி. மீண்டும் ஓட்டினார்கள். மீண்டும் சிவப்பு. "மிஸ்…" என்று ஒருத்தி வாயெடுத்தாள், பலகையைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "மேல பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மேல் வரி தமிழ் மதிப்பெண்ணை வாங்குவது. உள்ளீட்டை வாங்கும் கட்டளைக்கு ஒரு அடைப்புக்குறி, அதை எண்ணாக மாற்றும் கட்டளைக்கு இன்னொன்று. திறந்தவை இரண்டு, மூடியது ஒன்று. பைத்தான் அடைப்புக்குறி மூடும் என்று காத்துக்கொண்டே அடுத்த வரிக்குள் போய்விட்டது. அங்கே வந்த சொல் பொருந்தவில்லை என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டது. பைத்தானின் புதிய பதிப்புகள், 2021இல் வந்த 3.10 முதல், மூடாத குறியையே நேராகச் சுட்டிக் காட்டிவிடும். அந்த ஆய்வகத்தில் இருந்தது பழையது. அந்த மாணவி விரலால் குறிகளைத் திரையில் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஏ, ஒண்ணு மூடலடி!" அந்தக் குரலுக்கு ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. ஆசிரியை அங்கிருந்தே, "கண்டுபிடிச்சதை நோட்டுல எழுதிக்கோங்க" என்றார்.

ஒவ்வொரு ஜோடியிடமும் ஒரு பிழை நோட்டு இருக்கிறது. என்ன பிழை வந்தது, எங்கே காட்டியது, உண்மையில் எங்கே இருந்தது என்று மூன்று பத்திகள். பேருந்தில் நான் பார்த்த ரெக்கார்டு நோட்டைப் போல அழகாக இல்லை. அடித்தலும் திருத்தலுமாக, கோணல்மாணலாக. நான் மதிப்பெண் போடுகிறவனாக இருந்தால் இந்த நோட்டுக்குத்தான் 20 போடுவேன்.

மதிய இடைவேளையில் ஆசிரியையிடம் சுகதா மித்ராவைப் பற்றிப் பேச்செடுத்தேன். 1999இல் தில்லி கால்காஜியில், தம் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைக் குடிசைப் பகுதிப் பக்கம் திருப்பி வைத்தவர். யாரும் சொல்லித்தராமலே குழந்தைகள் அதைக் கையாளக் கற்றார்கள். அந்தக் கதை உலகம் சுற்றியது. அவரும் ரிது தங்வாலும் 2010இல் வெளியிட்ட ஆய்வு நம் காளிக்குப்பத்தில் நடந்தது. சுனாமி தாக்கிய கடலோரக் கிராமம். ஆங்கிலம் சரளமாக வராத தமிழ்க் குழந்தைகளுக்கு, ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கணினியில் போட்டு விட்டுவிட்டார்கள். குழந்தைகள் தாங்களாகவே, அதே பாடத்தை ஆசிரியரிடம் கற்ற பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களின் அளவுக்கு வந்தார்கள். பிறகு ஒரு பெண்ணை அவர்களோடு இருக்கச் சொன்னார்கள். அவருக்கு உயிரியல் தெரியாது. பின்னால் நின்று, அட, இது என்ன, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பாட்டியைப் போல வியந்து கேட்பது மட்டும்தான் அவருடைய வேலை. தேர்வில் அந்தக் குழந்தைகள் தில்லியின் பெரிய தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமமாக வந்தார்கள்.

இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆசிரியர் தேவையில்லை, கணினி போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கு ஆள் போடாமல் பெட்டியை மட்டும் இறக்குவதற்கு அது வசதியான வாதம். எனக்கு இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. பெட்டி அதேதான், குழந்தைகள் அதே குழந்தைகள்தான். கூட ஒரு மனிதர் அக்கறையோடு நின்றதும் மதிப்பெண் ஏறியது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் 2006இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இன்னொரு பக்கத்திலிருந்து எச்சரிக்கிறது. ஒன்றும் தெரியாத தொடக்கநிலை மாணவரை வழிகாட்டாமல் விட்டால் அவருடைய மனம் தேடுவதிலேயே களைத்துவிடும், கற்பதற்குத் தெம்பு மிஞ்சாது என்கிறது அது. இதையும் நான் நம்புகிறேன். ஓடுகிற நிரலை முதலில் தாளில் கொடுத்தாரே அந்த ஆசிரியை, அதுதான் இதற்குப் பதில்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதில் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறதுதாங்க இதுல ரொம்ப கஷ்டம்" என்றார். ஒரு ஜோடி சிக்கி நிற்கும்போது மனதுக்குள் மெல்ல எண்ணுவாராம். சிலரை விடலாம், முகம் தெளிவாக இருக்கும். சிலருக்குக் கண் கலங்கப் போகிறது என்று தெரிந்துவிடும். அவர்களிடம் உடனே போய்விடுவார். போனாலும் விசைப்பலகையைத் தொடமாட்டார். "எந்த வரி வரைக்கும் சரின்னு உனக்கு நிச்சயமா தெரியும்?" என்று கேட்பார். பிள்ளை காட்டும். அதற்குக் கீழே தேடச் சொல்வார். முதல் சில மாதங்கள் பெற்றோர்கூட வந்து, மிஸ் சொல்லித்தரவே மாட்டேங்கறாங்களாம் என்று கேட்டிருக்கிறார்கள். பாடப்பகுதி முடியவில்லை என்ற கவலை இன்றுவரை உண்டு. நேரம்தான் பிரச்சினை. ஆய்வகம் இணையவழித் தேர்வுகளுக்கும் வேண்டும், மற்ற வகுப்புகளுக்கும் வேண்டும். பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் திறந்து வைக்கலாம் என்றால், சுற்றுக் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் போய்விடும். அடுத்த வண்டி இருட்டிய பிறகுதான். அதனால் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் திறக்கிறார். சாவி பிள்ளைகளிடம். யார் எந்த நாள் பொறுப்பு என்று அவர்களே பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். கேரளத்தில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இத்தகைய பொறுப்பையெல்லாம் அரசுத் திட்டமாகவே ஏற்று நடத்துகின்றன. இங்கே ஒரு ஆசிரியையின் பிடிவாதத்தில் நடக்கிறது. அவருக்கு இடமாறுதல் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி என்னை உறுத்தியது. அரசு இதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் தெரியாத ஒரு பிழையைக் கொடுத்துக் களையச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று வந்தால்கூட, மாநிலம் முழுக்க வகுப்பறைகள் மாறத் தொடங்கிவிடும்.

பிற்பகலில் இன்னொரு பிரிவுக்கு அதே பாடம். ஒரு மாணவன் எழுந்து, "மிஸ், மாறிக்கு தமிழ்ல பேர் வைக்கலாமா?" என்று கேட்டான். ஆசிரியைக்கு விடை தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. "வெச்சுப் பாரு" என்றார். அந்த ஜோடிக்குத் தமிழில் தட்டச்சு வராது. மூன்று பெஞ்சு தள்ளி ஒருவனுக்குத் தமிழ்99 தெரியும் என்று கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். மொத்தம் என்று அடித்தான், சமக்குறி போட்டான், ஓட்டினான். ஓடியது. பைத்தான் 3 தமிழ் எழுத்துகளை மாறிகளின் பெயராக ஏற்கும். சில நிமிடங்களில் ஆய்வகம் முழுவதும் தமிழும் கணக்கும் சராசரியுமாகத் திரைகள் மாறின. கையில் தாளில்லாமல், நோட்டில்லாமல், யாரும் சொல்லாமல்.

அடுத்ததாக ஒரு பெண், "பேரு வைக்கலாம்னா, இஃப்பையும் தமிழ்ல போடலாம்ல?" என்றாள். என்றால் என்று எழுதி, பக்கத்தில் மொத்தம், பெரிது, எழுபது என்று நிபந்தனையை அடித்து ஓட்டினாள். சிவப்புப் பட்டை விழுந்தது. மொத்தத்தின்மேல். "மொத்தத்துல என்ன தப்பு? இவ்ளோ நேரம் ஓடுச்சே!" என்று கூச்சல். காலையில் வந்த பிரிவாக இருந்தால் சிவப்புக்கு முன்னால் இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். இவர்கள் இன்னும் அங்கே வரவில்லை. ஒரு அணி மொத்தத்தை மாற்றிப் பார்த்தது. இன்னொரு அணி புத்தகத்தைப் புரட்டி, சிறப்புச் சொற்கள் என்ற பட்டியலைத் தேடிப் பிடித்து, இந்தப் பட்டியலில் இருப்பதை நாம் தொட முடியாது போல என்று வாதிட்டது. அப்படியானால் அந்தப் பட்டியலை யார் எழுதியது, அதைத் தமிழில் எழுதினால் என்ன என்றான் தமிழ்99 பையன்.

முத்து அண்ணாமலை பைத்தானின்மேல் கட்டிய எழில் என்ற நிரல்மொழி, கட்டளைச் சொற்கள் முழுவதும் தமிழில் இருக்கிற மொழி, ஏற்கெனவே இருக்கிறது. நான் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்று. பையனின் கேள்வியைப் பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதி, அழிக்கக் கூடாது என்று சுற்றிலும் கட்டம் போட்டார். மணி அடித்தது. சாவிப் பட்டியலில் மறுநாள் மதியம் அந்தப் பையனின் முறை இல்லை. அவன் கதவருகே நின்று, முறை உள்ளவளிடம் நாள் மாற்றிக்கொள்ளக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.